சொந்த ஊரில் பாடிய கடைசிப் பாட்டு

பள்ளியில் தோற்று, தொழிற்சாலையில் சலித்து, சிறைக்கும் போய் வந்த ஓர் இளைஞர் உலகப் புகழ் பெற்றார். பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்த அவர், முதுமையில் தான் வளர்ந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்து பாடினார். ஹெவி மெட்டல் பாடகர் ஓசி ஆஸ்போர்னின் கதை நம் மாணவர்களுக்குச் சொல்வது என்ன?

2025ஆம் ஆண்டு ஜூலை 5, சனிக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் வட்டாரத்தில் உள்ள வில்லா பார்க் காற்பந்து அரங்கம் நிரம்பி வழிகிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் பகலிலிருந்தே அங்கே காத்திருக்கிறார்கள். இரவு நெருங்கும் நேரத்தில், மேடையின் அடியிலிருந்து ஒரு கறுப்பு ஆசனம் மெல்ல மேலெழுகிறது. அதன் உச்சியில் சிறகு விரித்த வௌவால் உருவம். ஆசனத்தில் 76 வயது முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

அவரால் எழுந்து நடமாட முடியாது. பார்க்கின்சன் நோயும் முதுகுத்தண்டில் செய்த பல அறுவை சிகிச்சைகளும் அவரை முடக்கிவிட்டன. ஆனால் ஒலிவாங்கி கைக்கு வந்ததும் அவர் பாடத் தொடங்குகிறார். அரங்கில் இருந்தவர்களில் பலர் கண்ணீர் விட்டு அழுதார்கள். மேடையில் இருந்தவர் ஓசி ஆஸ்போர்ன். ஹெவி மெட்டல் என்ற இசை வகையைத் தொடங்கி வைத்த 'பிளாக் சப்பாத்' குழுவின் பாடகர்.

அவர் சிறுவனாக வளர்ந்த லாட்ஜ் ரோடு வீடு, அந்த அரங்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

அது இசையா, இரைச்சலா?

ஹெவி மெட்டல் என்றதும் "காது கிழியும்" என்று சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். அது உண்மையும்கூட. கனத்த கித்தார், இடிபோன்ற டிரம்ஸ், அடித்தொண்டையிலிருந்து வரும் குரல் ஆகியவை சேர்ந்ததுதான் அந்த இசை. ஆனால் பினாங்குப் பிள்ளைகளுக்குச் சத்தம் புதிதல்ல. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளக் குழுக்கள் அடிக்கும் அடியில் நெஞ்செலும்பே அதிரும். அதே உறுமியைப் பக்கத்து வீட்டில் பயிற்சிக்காக அடித்தால், "என்ன இந்தச் சத்தம்!" என்று கதவைச் சாத்துவோம். ஒரு சத்தம் இசையாவதும் இரைச்சலாவதும் பல வேளைகளில் கேட்பவரின் மனத்தைப் பொறுத்தே அமைகிறது.

ஒவ்வோர் இசைக்கும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. ஹெவி மெட்டலின் ஊர் பர்மிங்ஹாம். இரும்பு, பித்தளை, கார் உதிரிப்பாகங்கள் என்று உலோகத்தால் வாழ்ந்த தொழிற்சாலை நகரம் அது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான அந்த நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒன்றுதான் ஆஸ்டன்.

லாட்ஜ் ரோட்டுச் சிறுவன்

ஓசியின் இயற்பெயர் ஜான் மைக்கல் ஆஸ்போர்ன். பிறந்தது 1948 டிசம்பர் 3. வீட்டில் ஆறு பிள்ளைகள். சின்னஞ்சிறிய வீடு; உள்ளே கழிப்பறை கிடையாது. தந்தை ஜாக், ஜி.இ.சி. தொழிற்சாலையில் கருவிகள் செய்பவராக இரவு நேர வேலை பார்த்தார். தாயார் லிலியன், காருக்கான மின் உதிரிப்பாகங்கள் தயாரித்த லூகாஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்தார்.

இந்த இடத்தில் பினாங்கு வாசகர்கள் சிலர் தங்கள் வீட்டையே நினைத்துக்கொள்ளக்கூடும். 1972-ல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய நாள் முதல், நம் தீவிலும் பிறையிலும் எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கை தொழிற்சாலை 'ஷிப்ட்' மணியைச் சார்ந்தே ஓடுகிறது. அப்பா இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் வீடுகள் இங்கேயும் உண்டு.

பள்ளி ஓசிக்குக் கைகொடுக்கவில்லை. அவருக்கு 'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருந்தது. எழுத்துகள் கண்முன்னே குழம்பும். அக்காலத்தில் அதைக் கண்டறிந்து உதவும் ஏற்பாடுகள் பரவலாக இல்லை. படிக்கத் தெரியாத மாணவன் என்றால் மட்டமான மாணவன், அவ்வளவுதான். 15 வயதில் அவர் பள்ளியை விட்டு விலகினார்.

அதன் பிறகு வேலை மேல் வேலை. குழாய் பழுதுபார்ப்பவருக்கு உதவியாள், இறைச்சிக்கூடத் தொழிலாளி, தொழிற்சாலையில் கார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலை என்று எதிலும் நிலைக்கவில்லை. பிறகு திருட்டில் இறங்கிப் பிடிபட்டார். அபராதம் கட்டப் பணமில்லை. தந்தை நினைத்திருந்தால் கட்டியிருக்கலாம். பையனுக்குப் புத்தி வரட்டும் என்று அவர் கட்ட மறுத்துவிட்டார். 17 வயது ஓசி சில வாரங்களை வின்சன் கிரீன் சிறையில் கழித்தார்.

ஆனால் கண்டிப்பான அதே தந்தைதான், மகனுக்குப் பாடும் ஆசை இருப்பதைக் கண்டு, கடன் வாங்கி அவருக்கு ஒலிபெருக்கிச் சாதனம் வாங்கித் தந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு 'மைக் செட்'. அந்தக் காலத்தில் சொந்தமாக மைக் செட் வைத்திருக்கும் பாடகரை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளும். தான் பாடத் தயார், சொந்த ஒலிபெருக்கியும் உண்டு என்று ஓசி ஓர் இசைக்கருவிக் கடையில் விளம்பர அட்டை ஒட்டினார். அந்த அட்டைதான் அவரை மற்ற மூவரிடம் சேர்த்தது. கித்தார் கலைஞர் டோனி அயோமி, பாஸ் கித்தார் வாசித்த கீசர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட் ஆகிய மூவரும் அதே ஆஸ்டன் வட்டாரத்துப் பிள்ளைகள். டோனி, ஓசி படித்த பள்ளியிலேயே படித்தவர்.

வெட்டுப்பட்ட விரல்கள்

டோனி அயோமியின் கதையைச் சொல்லாமல் ஹெவி மெட்டலைப் பற்றிப் பேச முடியாது. 17 வயதில் அவர் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முழு நேரக் கலைஞராகப் போவதற்காக வேலையை விட்டுவிட முடிவு செய்திருந்தார். அன்று கடைசி நாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பி வைத்தார். அன்று பிற்பகலில் இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் துண்டாகிப்போயின.

அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே கித்தாரின் கம்பிகளை அழுத்த வேண்டியது அந்த வலது கை விரல்கள்தான். இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். மனம் உடைந்திருந்த அவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கித்தாரில் சாதனை படைத்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசை அது.

டோனி மீண்டும் எழுந்தார். காலியான பிளாஸ்டிக் சோப்பு நீர்ப் புட்டியை உருக்கி, விரல் நுனிகளுக்கு உறை செய்தார். அதன் மேல் தோல் ஒட்டினார். கனமான கம்பிகளை அழுத்தினால் வலித்ததால் மெல்லிய கம்பிகளைப் பொருத்தினார். பின்னர் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். சுருதி இறங்கியதும் ஒலி இருண்டு கனத்தது. இன்று உலகெங்கும் மெட்டல் குழுக்கள் வேண்டுமென்றே அந்தக் கனத்த ஒலியைத் தேடி வாசிக்கின்றன. அது வலியைக் குறைக்கக் கண்டுபிடித்த வழி என்பது பலருக்குத் தெரியாது.

உலகைச் சுற்றிய ஆண்டுகள்

ஏறக்குறைய ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அவர்களின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13-ல் வெளிவந்தது. விமர்சகர்கள் பலர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இளைஞர்கள் வாங்கிக் குவித்தார்கள். அதே ஆண்டில் வந்த 'பாரனாய்ட்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த ஆல்பத்தில் உள்ள 'வார் பிக்ஸ்' பாடல், ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பாதுகாப்பாக இருக்கும் தலைவர்களைச் சாடுகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மெட்டல் பாடல் என்றாலே பேய், பிசாசு என்று நினைப்பவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

புகழோடு மதுவும் போதைப்பொருளும் வந்து சேர்ந்தன. இதை மறைத்து எழுதுவது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். ஓசியின் போதைப் பழக்கம் எல்லை மீறியதால் 1979-ல் சொந்தக் குழுவே அவரை வெளியேற்றியது. 1980 முதல் தனிப்பாடகராக அவர் மீண்டும் எழுந்தார். 1982-ல் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியில் ரசிகர் ஒருவர் மேடையில் எறிந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டு, வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசிகளைப் போட்டுக்கொண்டது உலகம் அறிந்த செய்தி. போதை அவருடைய உடலையும் குடும்பத்தையும் எவ்வளவு பாழாக்கியது என்பதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்தப் பகுதியை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.

இசை வாழ்க்கையும் குடும்பமும் அமெரிக்காவில் வேர்விட, லாஸ் ஏஞ்சலஸ் அவருக்கு இரண்டாம் வீடாகியது. 2002-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக, மெட்டல் கேட்காதவர்கள்கூட அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அவருடைய பேச்சில் பர்மிங்ஹாம் வழக்கு கடைசிவரை மாறவே இல்லை.

ஏன் அந்த அரங்கம்?

பிளாக் சப்பாத் குழு தன் கடைசி உலகச் சுற்றுப்பயணத்தை 2017 பிப்ரவரி 4-ல் பர்மிங்ஹாமிலேயே முடித்தது. அப்போது அந்த அரங்குக்கு இருந்த பெயர் 'கெந்திங் அரேனா'. ஆம், நம் கெந்திங்தான். ஆனால் அன்று குழுவின் முதல் டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் இல்லை.

2019-ல் ஓசி வீட்டில் கீழே விழுந்தார். பழைய விபத்தில் பட்ட காயங்கள் மோசமாகின. 2020 ஜனவரியில், தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை அறிவித்தார். 2022 ஆகஸ்டில், நம் விளையாட்டாளர்களும் கலந்துகொண்ட பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியின் நிறைவு விழாவில், யாரும் எதிர்பாராமல் டோனியுடன் மேடையேறினார். 2023-ல், இனிச் சுற்றுப்பயணம் செய்யும் வலு உடலில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த நிலையிலும் ஒரே ஒரு கச்சேரி செய்ய வேண்டும் என்று விரும்பினார். உலகின் எந்தப் பெரிய நகரமும் அதை நடத்தத் தயாராக இருந்திருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது வில்லா பார்க். சிறுவயதில், காற்பந்து ஆட்டம் நடக்கும் நாள்களில் அந்த அரங்கின் அருகே நிறுத்தப்படும் கார்களைப் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிச் சில்லறை வாங்கிய பையன் அவர். 'தொடக்கத்துக்கே திரும்புதல்' என்ற பொருளில் நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தார்கள். வருமானம் மூன்று அறப்பணிகளுக்கு என்று அறிவித்தார்கள்: பார்க்கின்சன் நோய்க்குத் தீர்வு தேடும் அமைப்பு, பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனை, நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் ஏக்கர்ன்ஸ் இல்லம்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 28-ல், நால்வருக்கும் பர்மிங்ஹாம் நகரின் மிக உயரிய மரியாதை வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் ஒரு காலத்தில் அதே நகரின் சிறையில் இருந்தவர்.

அந்த ஒரு நாள்

மெட்டாலிக்கா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர், டூல், பான்தேரா, ஆந்த்ராக்ஸ் என்று பெரும் குழுக்கள் பகல் முழுவதும் வரிசையாக மேடையேறின. 2013-ல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பாடிச் சென்ற அதே மெட்டாலிக்காதான். தனிக் கச்சேரி நடத்தினாலே அரங்கு நிரம்பும் குழுக்கள், அன்று சில பாடல்களை மட்டும் பாடிவிட்டு இறங்கின. பலரும் பிளாக் சப்பாத்தின் அல்லது ஓசியின் பாடல் ஒன்றையாவது பாடினார்கள். ஆசிரியரின் பணி ஓய்வு விழாவில் பழைய மாணவர்கள் கூடுவதைப் போல இருந்தது அது.

பிறகு ஓசி வந்தார். தம்முடைய தனிப்பாடல்கள் ஐந்தைப் பாடினார். அவற்றில் ஒன்று, 'அம்மா, நான் வீட்டுக்கு வருகிறேன்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட 1991ஆம் ஆண்டுப் பாடல். மனைவி ஷேரனை மனத்தில் வைத்து உருவான அந்தப் பாட்டு, அன்று அந்த இடத்தில் வேறு பொருள் கொண்டது. குரல் சில இடங்களில் தடுமாறியது. தடுமாறிய இடங்களை ரசிகர்கள் பாடி நிரப்பினார்கள். ஆறு ஆண்டுகளாகத் தாம் படுத்த படுக்கையாக இருந்ததைச் சொல்லி அவர் நன்றி கூறினார்.

அதன் பிறகு டோனி, கீசர், பில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்டன் பிள்ளைகள் நால்வரும் 2005-க்குப் பிறகு ஒன்றாக மேடையேறியது அன்றுதான். நான்கு பாடல்கள். கடைசியாக 'பாரனாய்ட்'. வாண வேடிக்கையோடு முடிந்தது.

சரியாக 17 நாள்களுக்குப் பிறகு, ஜூலை 22-ல் ஓசி காலமானார். ஜூலை 30-ல் அவருடைய இறுதி ஊர்வலம் பர்மிங்ஹாமின் பிராட் ஸ்திரீட் வழியாக, குழுவின் பெயரைத் தாங்கிய பாலத்தைக் கடந்து சென்றது. உள்ளூர் பித்தளை வாத்தியக் குழு ஒன்று அவர்களின் பாடல்களை வாசித்தபடி முன்னே நடந்தது. சாலையின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள்.

நம் பக்கத்துக் கதைகள்

மெட்டல் நமக்கு அப்படியொன்றும் தூரத்து இசையல்ல. 1980களில் 'செர்ச்', 'விங்ஸ்' போன்ற மலேசிய ராக் குழுக்கள் கம்பம் வரை புகழ் பெற்றன. நீண்ட முடி வைத்த பாடகர்களுக்கு ஆர்டிஎம்மில் இடமில்லை என்ற நிலை 1990களின் தொடக்கத்தில் வந்தபோது, புகழ்பெற்ற ராக் பாடகர்கள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2001-ல் 'பிளாக் மெட்டல்' என்ற கிளைவகையைப் பற்றி நாட்டில் பெரும் பரபரப்பு எழுந்தது. கறுப்புச் சட்டை போட்ட மாணவனையே சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன மலேசிய மாணவர்கள் 1987-ல் சிட்னியில் 'குரோமோக்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அங்கே பிறந்த அந்த இசை இங்கே தாயகத்தில்தான் பெரிய ரசிகர் கூட்டத்தைக் கண்டது. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய 'ருத்ரா' குழு, சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் மெட்டலில் கலந்தது. 'வேத மெட்டல்' என்ற பெயரே அவர்களால் பரவியது. அதன் பாடகர் கதிர் தமிழர். பர்மிங்ஹாமின் ஒலியை எடுத்துக்கொண்டு, தம் வீட்டில் கேட்டு வளர்ந்ததை அதில் சேர்த்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவர்களே, எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து உங்களில் பலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் போவீர்கள். போகத்தான் வேண்டும். பினாங்கில் பிறந்தவர்கள் பினாங்கிலேயே இருந்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஓசியும் ஆஸ்டனிலேயே இருந்திருந்தால் உலகம் அவரைக் கேட்டிருக்காது.

ஆனால் அவர் எடுத்துச் சென்றவை அனைத்தும் ஆஸ்டன் கொடுத்தவை: இயந்திரங்களின் இரைச்சல், வெட்டுப்பட்ட விரல்களோடு போராடிய நண்பன், தந்தை கடன்பட்டு வாங்கிய மைக் செட். தன் ஊரில் எது குறை என்று அவர் இளமையில் நினைத்தாரோ, அதுவே அவருடைய இசையாக மாறியது. உங்கள் ஊரும் உங்களுக்கு இப்படி ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கும். அது ஓர் உறுமியாக இருக்கலாம். நான்கு மொழி கலந்து பேசும் நாக்காக இருக்கலாம். இரவு வேலை முடித்து வந்தும் உங்களைப் பள்ளியில் கொண்டுபோய் விட்ட அப்பாவின் மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். கிளம்பும் முன் அது எது என்று கண்டுகொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தேர்வில் பின்தங்கிய மாணவர் யாராவது இதை வாசித்தால், ஓசியைப் பார்த்துப் பள்ளியை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். படிப்பை விட்டதனால் அவர் வெல்லவில்லை. அவருடைய குறை என்னவென்று அன்று யாருக்கும் தெரியவில்லை. இன்று டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு வழிகாட்ட ஆசிரியர்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். எழுத்து குழம்பினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வீடு திரும்பி நன்றி சொல்ல ஓசிக்கு 76 வயது வரை ஆயிற்று. மைக் செட் வாங்கித் தந்த தந்தை பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். வில்லா பார்க்கில் தன் மகன் பாடியதை அவர் பார்க்கவில்லை. நம் வீடுகளில் கடன்பட்டுப் புத்தகமும் மடிக்கணினியும் வாங்கித் தந்தவர்கள் இன்னும் அருகிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல அரங்கமும் ஆசனமும் தேவையில்லை. இன்று இரவுச் சாப்பாட்டு நேரமே போதும்.